சிறுநீரகங்களின் வேலையும் அதனை அளக்கும் முறையும்

வளர்ந்த மனிதன் ஒருவனின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடையே உள்ளவை. 60 கிலோகிராம் எடையுள்ள உடலில் இஃது இருநூற்றில் ஒரு பங்காகும். ஆயினும், ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் செலுத்தும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேற்பட்டது இவ்விரு சிறிய உறுப்புகளின் ஊடே பாய்கிறது. தம்முடைய உணவுத் தேவைக்காக அவை இவ்வளவு இரத்தத்தைப் பெறுவதில்லை. உடல் முழுவதற்கும் உரிய இரத்தத்தைத் தூய்மை செய்து திருப்பி அனுப்புவதற்காகவே பெறுகின்றன.

இவ்வேலை சிறிது சிறிதாகக் குறைந்து வரும்போது உடலில் வலி தோன்றுவதில்லை; காய்ச்சலும் காண்பதில்லை. சிறுநீரும் வழக்கம்போல் கழிகிறது. தம் சிறுநீரகங்களின் வேலைத்திறனில் பாதியை இழந்துவிட்ட ஒருவர், தாம் நலமுடன் இருப்பதாகவே எண்ணி நாள்தோறும் வயலுக்குச் சென்று வரக்கூடும். கால் வீக்கம், குமட்டல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றி அவர் மருத்துவமனைக்கு வரும்போது, காப்பாற்றுவதற்கு மிகச் சிறிய பகுதியே எஞ்சியிருக்கும். ஆதலின் சிறுநீரகங்களின் நிலையை அளந்தே அறிதல் வேண்டும். அந்த அளவை எவ்வாறு பெறப்படுகிறது, அதில் எங்கெங்கே பிழை நேரலாம் என்பவற்றைக் கிராமங்களில் பணியாற்றுவோரும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நன்று.

அமைப்பு

சிறுநீரகங்கள் வயிற்றறையின் பின்பகுதியில், முதுகெலும்பின் இருபுறமும் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 11 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அவரை விதையின் வடிவுடையது. கல்லீரல் மேலே அமர்ந்திருப்பதால் வலப்புறச் சிறுநீரகம் இடப்புறத்ததைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். பேச்சு வழக்கில் இவ்வுறுப்பைக் குண்டிக்காய் என்பர்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. இவற்றுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒவ்வொரு நெஃப்ரானும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி, மெல்லிய இரத்தத் தந்துகிகள் நூற்பந்துபோல் சுருண்டு கிடக்கும் ஒரு முடிச்சும், அதனைச் சூழ்ந்துள்ள கிண்ணமும் ஆகும். இரண்டாம் பகுதி, அக்கிண்ணத்திலிருந்து புறப்பட்டு, வளைந்தும் கொண்டை ஊசிபோல் மடங்கியும் செல்லும் நுண்குழாய். பல நுண்குழாய்கள் ஒரு பொதுக் குழாயில் சேர்கின்றன. அவற்றின் வழியே வரும் நீர், சிறுநீரகத்தின் உட்குழிவை அடைந்து, அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது.

இங்கு ஒரு செய்தியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். குழந்தை பிறந்தபின் புதிய நெஃப்ரான்கள் தோன்றுவதில்லை. முழுவதும் அழிந்த நெஃப்ரான் மீண்டும் உண்டாவதும் இல்லை. சில அழிந்தால், எஞ்சியவை கூடுதலாக உழைத்து அக்குறையை ஈடு செய்கின்றன. உறவினருக்கு ஒரு சிறுநீரகத்தை அளித்தவர் மற்றொன்றைக் கொண்டு நலமுடன் வாழ்வது இதனாலேயே. நோய் மறைவாக வளர்வதும் இதனாலேயே.

வடித்தலும் மீட்டலும்

தந்துகி முடிச்சுக்குள் இரத்தம் அழுத்தத்துடன் நுழைகிறது. இரத்த அணுக்களும் பெரிய புரத மூலக்கூறுகளும் உள்ளேயே தங்க, நீரும் அதில் கரைந்துள்ள உப்புகள், சர்க்கரை, யூரியா முதலிய சிறு பொருள்களும் கிண்ணத்தில் வடிகின்றன. நலமுள்ள இளைஞர் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களிலும் சேர்ந்து நிமிடத்திற்குச் சுமார் 125 மில்லிலிட்டர் நீர் இவ்வாறு வடிகிறது. ஒரு நாளுக்கு இது 180 லிட்டர் ஆகும். உடலில் உள்ள பிளாஸ்மா முழுவதும் சுமார் 3 லிட்டர்தான். எனவே, நம் பிளாஸ்மா ஒரு நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது என்று கொள்ளலாம்.

வடிந்த நீர் முழுவதும் வெளியேறுமாயின் அரைமணி நேரத்தில் பிளாஸ்மாவே தீர்ந்துபோகும். அவ்வாறு நேராமல் காப்பது நுண்குழாய்களின் வேலை. வடிந்த 180 லிட்டரில் 178 லிட்டருக்கு மேல் அவை மீட்டு இரத்தத்தில் சேர்க்கின்றன. ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரே சிறுநீராகக் கழிகிறது. நாள்தோறும் வடியும் உப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். கழிவதோ நாம் உணவில் சேர்த்துக்கொண்ட சில கிராம் மட்டுமே. சர்க்கரை சுமார் 180 கிராம் வடிந்தாலும் முழுவதும் மீட்கப்படுகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமுக்கு மேற்படும்போதுதான் நுண்குழாய்கள் முழுவதையும் மீட்க இயலாது போய், அது சிறுநீரில் தோன்றுகிறது.

மீட்பதோடு நுண்குழாய்களின் வேலை முடிவதில்லை. மிகுதியான அமிலத்தையும் பொட்டாசியத்தையும் சில மருந்துகளையும் அவை இரத்தத்திலிருந்து எடுத்துச் சிறுநீரில் சேர்க்கின்றன. கோடையில் நீர் குறைவாக அருந்தினால் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோனின் ஏவலால் நீரை மேலும் மீட்டு, அடர்ந்த சிறுநீரை உண்டாக்குகின்றன. இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்தல், சிவப்பணுக்களின் உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினைச் சுரத்தல், வைட்டமின் டி பயன்படும் வடிவை அடையச் செய்தல் ஆகியனவும் சிறுநீரகங்களின் பொறுப்பே. முற்றிய சிறுநீரக நோயில் சோகையும் எலும்பு நலிவும் சேர்ந்தே காணப்படுவதன் காரணம் இதுவாம்.

இவ்வறிவு பிறந்த வரலாறு

தந்துகி முடிச்சுகளை உருப்பெருக்கியால் கண்டு 17ஆம் நூற்றாண்டில் எழுதியவர் இத்தாலியரான மால்பிகி. முடிச்சைச் சூழ்ந்த கிண்ணம் நுண்குழாயுடன் தொடர்ந்திருப்பதை 1842இல் இங்கிலாந்தின் வில்லியம் பௌமன் விளக்கினார். முடிச்சு நீரைச் சுரக்கிறது, நுண்குழாய் கழிவுகளைச் சுரக்கிறது என்பது அவர் கருத்து. ஏறத்தாழ அக்காலத்திலேயே ஜெர்மானியரான கார்ல் லூட்விக், இரத்த அழுத்தத்தால் நீர் வடிகிறது, பின்னர் மீட்கப்படுகிறது என்றார். எது மெய் என்ற வழக்கு எண்பது ஆண்டுகள் நீடித்தது.

அமெரிக்க விஞ்ஞானிகளான ரிச்சர்ட்ஸும் வேர்னும் 1924இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முடிவு தந்தது. தவளையின் சிறுநீரகத்தில் உள்ள ஒரு கிண்ணத்தினுள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, அங்கு வடிந்த நீரை எடுத்துச் சோதித்தனர். அதில் புரதம் இல்லை. சர்க்கரையும் உப்பும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த நீரில் சர்க்கரை இல்லை. கிண்ணத்தில் இருந்தது வழியில் மீட்கப்பட்டது என்பது ஐயமின்றிப் புலனாயிற்று.

அளவையின் அடிப்படை

சிறுநீரகத்தின் பணிகள் பலவாயினும், அதன் நிலையைக் காட்டும் சிறந்த எண் ஒன்றுண்டு. நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் நீர் வடிகிறது என்னும் வடிதல் வீதமே அது. உடலினுள் இருபது லட்சம் முடிச்சுகளில் நிகழும் வடிதலை வெளியிலிருந்து அளப்பது எங்ஙனம்?

இதற்கு வழி காட்டியது, 1920களின் இறுதியில் வான் ஸ்லைக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த ‘கிளியரன்ஸ்’ என்னும் கருத்து. இதனைத் தமிழில் நீக்க அளவு எனலாம். ஒரு நிமிடத்தில் சிறுநீரில் வெளியேறிய ஒரு பொருள், எத்தனை மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் அடங்கியிருந்ததோ, அதுவே அப்பொருளின் நீக்க அளவு. ஒரு பொருள் தடையின்றி வடிந்து, நுண்குழாயில் மீட்கப்படாமலும், புதிதாகச் சேர்க்கப்படாமலும் வெளியேறுமாயின், அதன் நீக்க அளவே வடிதல் வீதம் ஆகும்.

இத்தகைய பொருள் இனூலின். டாலியா போன்ற செடிகளின் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் ஒருவகை மாவுப்பொருள் இது. 1930களில் ஹோமர் ஸ்மித் முதலியோர் இதன் தகுதியை நிறுவினர். ஆனால் இதனை இரத்தக் குழாயில் தொடர்ந்து செலுத்தவேண்டியிருப்பதால், ஆராய்ச்சிச் சாலைக்கே ஏற்றதாயிற்று. அன்றாட மருத்துவத்திற்கு உடலே உண்டாக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக இரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் அத்தேவையை நிறைவு செய்கிறது. நுண்குழாய்களும் சிறிதளவு கிரியேட்டினினைச் சிறுநீரில் சேர்ப்பதால் இதன் நீக்க அளவு உண்மை வீதத்தைவிடச் சற்று மிகுதியாகக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் 24 மணி நேரத்தில் 1,440 மில்லிலிட்டர் சிறுநீர் கழித்தார். அஃதாவது நிமிடத்திற்கு 1 மில்லிலிட்டர். அச்சிறுநீரின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1 மில்லிகிராம் கிரியேட்டினின் உள்ளது. எனவே நிமிடத்திற்கு 1 மில்லிகிராம் வெளியேறுகிறது. அவருடைய பிளாஸ்மாவில் 100 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ளது. ஆகவே நிமிடந்தோறும் 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவிலிருந்து கிரியேட்டினின் நீக்கப்படுகிறது. அவருடைய நீக்க அளவு 100.

யூரியாவின் அளவையும் ஆய்வுக்கூடங்கள் குறித்துத் தருகின்றன. ஆயினும் வடிந்த யூரியாவில் ஒரு பகுதி மீட்கப்படுகிறது. உண்ணும் புரதத்தையும் உடலின் நீர்நிலையையும் ஒட்டி அது ஏறியிறங்குகிறது. எனவே யூரியாவை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது.

‘சரியான’ எண் ஏமாற்றும் விதம்

நீர் ஒரே வேகத்தில் விழும் தொட்டி ஒன்றின் அடியில் துளை இருப்பதாகக் கருதுவோம். துளையைச் சுருக்கினால் தொட்டியில் மட்டம் ஏறும். ஏறிய மட்டத்தின் அழுத்தத்தால் வெளியேறும் நீர் மீண்டும் விழும் நீருக்குச் சமமாகிவிடும். கிரியேட்டினினும் இத்தகையதே. வடிதல் வீதம் பாதியாகும்போது இரத்தத்தில் கிரியேட்டினின் இருமடங்காகி நிலைபெறுகிறது. வீதம் 100ஆக இருந்தபோது கிரியேட்டினின் 1 மில்லிகிராம் என்றால், 50இல் 2 மில்லிகிராம், 25இல் 4 மில்லிகிராம், பன்னிரண்டரையில் 8 மில்லிகிராம் என உயரும்.

இக்கணக்கை உற்று நோக்குக. முதற்பாதித் திறன் அழியும்போது கிரியேட்டினின் ஒரே ஒரு மில்லிகிராம் ஏறுகிறது. கடைசியில் எஞ்சிய காற்பங்கில் பாதி அழியும்போது நான்கு மில்லிகிராம் ஏறுகிறது. எவருக்கு இயல்பான அளவு 0.6 ஆக இருந்ததோ, அவருக்கு அது 1.2 ஆகும்போது பாதித்திறன் போய்விட்டது. ஆயினும் ஆய்வுக்கூடத்தின் சீட்டில் அந்த எண் இயல்பு வரம்புக்குள்ளேயே காணப்படலாம்.

வயதும் உடற்கட்டும் மற்றொரு மயக்கத்தைத் தருகின்றன. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவதால், தசை குறைந்தவர்க்கு அதன் உற்பத்தியும் குறைவு. காக்கிராஃப்ட், கால்ட் என்னும் இருவர் 1976இல் இதற்கொரு சூத்திரம் வெளியிட்டனர். 140இலிருந்து வயதைக் கழித்து, கிலோகிராமில் உடல் எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கிவந்த தொகையால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையை 0.85ஆல் மீண்டும் பெருக்க வேண்டும். 25 வயதும் 70 கிலோகிராம் எடையும் உடைய ஆடவருக்குக் கிரியேட்டினின் 1.1 என்றால் விடை சுமார் 102. அதே 1.1 என்ற எண், 70 வயதும் 40 கிலோகிராம் எடையும் உடைய மூதாட்டிக்கு வந்தால் விடை 30. இருவர் சீட்டிலும் ஒரே எண். ஒருவர் நலமுள்ளவர், மற்றவர் சிறுநீரகத் திறனில் பெரும்பகுதியை இழந்தவர். அவருக்கு வழக்கமான அளவில் மருந்து கொடுத்தால் அதுவே நஞ்சாகக்கூடும்.

இன்று ஆய்வுக்கூடங்கள் வயது, பால், கிரியேட்டினின் ஆகியவற்றைக் கொண்டு 2009இலும் 2021இலும் வெளியான புதிய சூத்திரங்களால் வடிதல் வீதத்தை மதிப்பிட்டுத் தருகின்றன. இவ்விடை 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு எனக் கணக்கிடப்படுவது. 90உம் அதற்கு மேலும் இயல்பு. 60க்குக் குறைந்து மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழ் இறங்கினால் செயலிழப்பு நிலை. இச்சூத்திரங்கள் பெரும்பாலும் மேல்நாட்டு மக்களை அளந்து உருவாக்கப்பட்டவை. இறைச்சி குறைவாக உண்டு மெலிந்த உடலினராக இருக்கும் நம் மக்களுக்கு அவை உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

சிறுநீர் சேகரிப்பில் நேரும் பிழை

நீக்க அளவைக் கணக்கிட 24 மணி நேரச் சிறுநீர் முழுவதும் வேண்டும். கணக்கு எத்துணைச் சரியாயினும், சேகரித்தது தவறானால் விடை பயனற்றது. நோயாளிக்குப் பணியாளர் கூறவேண்டியது இது: காலை 6 மணிக்குக் கழிக்கும் சிறுநீரைச் சேகரிக்காமல் விட்டுவிட வேண்டும், அது முந்தைய இரவுக்குரியது. அதன்பின் பகலிலும் இரவிலும் கழிப்பது அனைத்தையும் கலத்தில் சேர்க்க வேண்டும். மலம் கழிக்கும்போது வெளியேறும் சிறுநீரையும் விடலாகாது. மறுநாள் காலை 6 மணிக்குக் கழிப்பதையும் சேர்த்து முடிக்க வேண்டும்.

முதல் நாள் காலைச் சிறுநீரையும் தவறாகச் சேர்த்தால் விடை மிகுந்துவிடும். நடுவில் ஒருமுறை கொட்டிவிட்டால் குறைந்துவிடும். மருத்துவருக்கு அனுப்பும் சீட்டில், தொடங்கிய நேரம், முடித்த நேரம், மொத்த அளவு ஆகிய மூன்றையும் எழுதுதல் இன்றியமையாதது. ஒருமுறை தவறிவிட்டது என நோயாளி சொல்வாராயின், அதனை மறைக்காமல் குறிப்பிட்டு மீண்டும் தொடங்குவதே முறை.

கருவியின்றி அறியத்தக்கவை

வடிதல் வீதம் குறையுமுன்னரே சில குறிகள் தென்படுகின்றன. முதலாவது, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம். வடிகட்டி பழுதானால் இப்புரதம் கசிகிறது. சிறுநீரில் தோய்த்த தாளின் நிறமாற்றத்தால் இதனை உடனே அறியலாம். தாள் கிடைக்காத இடங்களில் பழைய முறையே போதும்: சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து அதன் மேற்பகுதியைச் சூடேற்ற வேண்டும், கலங்கினால் சில துளி அசெட்டிக் அமிலம் சேர்க்க வேண்டும். கலங்கல் நீங்காவிடில் ஆல்புமின் இருப்பதாகக் கொள்ளலாம். இரண்டாவது, சிறுநீரை அடர்த்தியாக்கும் ஆற்றல் குன்றுதல். இந்நிலையில் சிறுநீரின் ஒப்படர்த்தி 1.010ஐ ஒட்டியே நின்றுவிடும். இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிப்பது இதன் வெளிப்பாடாக இருக்கலாம்.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயலிழப்பின் பெருங் காரணங்கள். இவ்விரண்டில் ஒன்று உடையவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆல்புமின், கிரியேட்டினின் ஆகிய இரு சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். ஆனால் இவ்விரண்டும் இல்லாத உழைப்பாளரிடையேயும் இந்நோய் மிகுந்து காணப்படும் இடங்கள் உள்ளன. ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில், கடற்கரையை ஒட்டிய உத்தானம் பகுதி அவற்றுள் ஒன்று. தென்னையும் முந்திரியும் விளையும் அச்சிற்றூர்களில் பல குடும்பங்கள் உழைக்கும் வயதினரை இழந்துள்ளன. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இவ்வகை நோய் காணப்படுகிறது. வெயிலில் நெடுநேரம் நீரின்றி உழைத்தல், குடிநீர், பூச்சிக்கொல்லிகள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டபோதிலும் எதுவும் ஐயமற நிறுவப்படவில்லை. இத்தகைய இடங்களில் நோயை முன்னதாகக் கண்டறிய அளவையே துணை.

திடீரெனச் சிறுநீரகம் நின்றுவிடுவதும் உண்டு. கடும் பேதியில் உடல் வறளும்போதும், கண்ணாடி விரியன் தீண்டியபோதும் இது நேரலாம். வளர்ந்தவர் 24 மணி நேரத்தில் 400 மில்லிலிட்டருக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால் அது அபாயக்குறி. அவ்வளவு நேரம் காத்திராமல், சிறுநீர் குறைவதைக் கண்டதுமே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இவ்வகைச் செயலிழப்பில் காலத்தே மருத்துவம் செய்தால் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவையும் சில. காலையில் முகமும் கண்ணிமையும் வீங்கிப் பள்ளிக்கு வரும் குழந்தையை நன்றாக உறங்கவில்லை என்று விட்டுவிடலாகாது. தொண்டைப் புண் அல்லது சீழ்பிடித்த சிரங்கு கண்ட சில வாரங்களில் குழந்தையின் சிறுநீர் தேநீர்க் கஷாயம் போல் கறுத்தால், அது சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். அன்றே பெற்றோருக்கு அறிவித்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கழிப்பிடம் தூய்மையாக இல்லாமையால் நாள் முழுவதும் நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் இருக்கும் மாணவியர் பலர். சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு எளிதில் ஏற்படுகிறது. நல்ல கழிப்பிடமும் குடிநீரும் சிறுநீரகப் பாதுகாப்பின் பகுதியே என்பதைப் பள்ளிகள் உணர்தல் வேண்டும்.

மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் கடைகளில் தாமே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வழக்கம் சிறுநீரகங்களுக்குப் பெருங்கேடு. முதியோரிடம் இதனைப் பொறுமையுடன் எடுத்துரைக்க வேண்டும்.

முற்றிலும் செயலிழந்தவர்க்கு இன்று இரு வழிகள் உள்ளன. ஒன்று, 1943இல் நெதர்லாந்தின் கோல்ஃப் என்ற மருத்துவர் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகத்தின் வழிவந்த டயாலிசிஸ். வறியோர்க்கு இதனை இலவசமாக அளிக்கும் தேசியத் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டு மாவட்ட மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. மற்றொன்று, 1954இல் பாஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றிபெற்ற சிறுநீரக மாற்றுச் சிகிச்சை. இரண்டும் உயிர் காப்பவை. ஆயினும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களை இயந்திரத்தின் அருகே கழிக்கும் உழவனின் குடும்பம் இழப்பது மிகுதி.

ஆகவே, சோதனைச் சீட்டு ஒவ்வொன்றையும் பாதுகாத்து வைக்குமாறு மக்களிடம் சொல்லுங்கள். ஒருவருடைய இவ்வாண்டு எண்ணைப் பொது வரம்போடு மட்டும் ஒப்பிடாமல், அவருடைய சென்ற ஆண்டு எண்ணோடும் ஒப்பிட வேண்டும். 0.7 ஆக இருந்தது 1.1 ஆயிற்று என்பதைக் காணும் பணியாளர், நோயாளி எதனையும் உணராத காலத்திலேயே அவரை மருத்துவரிடம் அனுப்பிவிடலாம். எஞ்சியுள்ள நெஃப்ரான்களைக் காப்பதற்கு உகந்த காலம் அதுவே.